சக்கரக் கோட்டம்

டயர் வெடித்தாலும் செயின் அறுந்தாலும் சைக்கிள் உடனே நின்றுவிடும். நாமும் அதைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவோம். ரிம் கோணினால் மட்டும் வண்டி நிற்பதில்லை. நெளிந்து, பிரேக் கட்டையில் உராய்ந்து, முனகிக்கொண்டாவது ஓடும். நம் வீடுகளில் மாதக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் கோளாறு இதுவே.

மழைக்காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சைக்கிளில் போய் வந்த நேயர்களுக்கு இதன் காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை. நீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம், அதில் இறங்கிய பிறகே தெரிகிறது. டயரில் காற்றும் குறைவு, பின்னால் ஓர் ஆளும் உண்டு என்றால் கேட்க வேண்டாம்; பள்ளத்தின் விளிம்பு டயரை நசுக்கி ரிம்மையே தாக்கிவிடும். வாரம் ஒரு முறை காற்று அடிக்கச் சோம்பியதற்கு இவ்விதமாக அபராதம் கட்டுகிறோம்.

மாட்டு வண்டியில் ஆரக்கால்கள் பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. சைக்கிள் சக்கரத்தின் கதை வேறு. அங்கே மெல்லிய கம்பிகள் ரிம்மை நாற்புறமும் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த இழுவையின் சமனே சக்கரத்தின் பலம். இவ்வித இழுவைச் சக்கரத்தை ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் 1808-இலேயே சிந்தித்தார். கம்பிகளைச் சாய்வாகக் கோக்கும் முறைக்கு 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி உரிமை பெற்றார். பழைய ரோட்ஸ்டர் வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள் இருக்கும். பாதி ஹப்பின் வலப்புறத்திலிருந்தும் பாதி இடப்புறத்திலிருந்தும் இழுக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு கம்பிகள் தளர்ந்தாலும் ரிம் மறுபக்கம் சாயும். இதுதான் கோட்டம்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். போர்க்கின் மேல் கையை ஊன்றி, ஒரு சாக்குக் கட்டியை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடியுங்கள். சாய்ந்த இடம் தானே கோடு வாங்கிக்கொள்ளும். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பாருங்கள். வீணை வாசிக்கத் தெரியாதவர்க்கும் தளர்ந்த கம்பியின் மழுங்கிய ஓசை தெரிந்துவிடும். ரிம் வலப்புறம் சாய்ந்திருந்தால், அவ்விடத்தில் இடப்புறக் கம்பிகளின் நிப்பிளைக் கால் சுற்று முறுக்க வேண்டும், வலப்புறத்தவற்றை அதே அளவு தளர்த்த வேண்டும். முறுக்குவதை மட்டும் செய்து தளர்த்துவதை மறந்தால் ரிம் அவ்விடத்தில் உள்வாங்கிச் சக்கரத்தின் வட்டமே கெடும். கம்பி முனை நிப்பிளுக்கு மேல் நீண்டால் அராவிவிட வேண்டும். இல்லாவிடில் டியூபைக் குத்தும்.

ஆனால் எல்லாக் கோணலும் கம்பியின் குற்றமன்று. ரிம்மின் உதடு நசுங்கியிருந்தாலும், கம்பித் துளையைச் சுற்றி விரிசல் கண்டாலும், துரு இரும்பைப் பொரித்துவிட்டாலும் சாவியால் ஆவது ஒன்றுமில்லை. அப்போது சிலர் சக்கரத்தைக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டி, "நேராகிவிட்டது, ஸார்" என்கிறார்கள். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். கம்பிகளின் இழுவையோ தாறுமாறாகியிருக்கும். சில வாரங்களில் ஒவ்வொன்றாக அறுந்து விழும். முன் சக்கரமானால் அபாயம் அதிகம். அத்தகைய வண்டியில் குழந்தையை ஏற்றிச் செல்வதை நாம் துணிச்சலென்று சொல்ல மாட்டோம்.

சைக்கிளைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தின் பெருமை சிறிதன்று. ஒரு காலத்தில் ஹெர்குலிஸ் வண்டி பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்தது. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியாவைத் தொடங்கினர். 1951-இல் அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் வண்டி உருவாயிற்று. 1955-இல் இரும்புக் குழாய் செய்யும் ஆலை ஆவடியில் எழுந்தது. காங்கிரஸ் மகாசபை அங்கே கூடியதும் அதே ஆண்டில்தான். வண்டி செய்யக் கற்ற ஊர் அதைப் பேணவும் கற்க வேண்டாமா? கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள் தெருக்களில் அருகி வருகின்றன. பொறுமையோடு கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பும் அந்த வேலைக்கு நாம் கூலி பேரம் பேசுவதும் அதற்கு ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்தில் பணிபுரிகிறவர்களுக்கு இது வெறும் இரும்பு விவகாரமன்று. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02-இல் தொடங்கி, 2005-06-இல் பதினோராம் வகுப்பினர் பலருக்கும் விரிந்தது. வண்டி இலவசமாக வரும். புது ரிம் வராது. கோணிய சக்கரம் வாசலில் சாய்ந்து கிடக்க, தொலைவிலுள்ள மாணவி இரண்டு நாள் வராமலிருப்பாள், பின்னர் வாரமாகும். அந்தச் செலவைத் தள்ளிப்போடும் வீட்டில், வேறு செலவுகள் எல்லாம் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன.

புது ரிம் வாங்குவோர், பழையதன் அளவையும் துளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குக. இரண்டும் ஒத்திருந்தால் ஹப்பையும் நல்ல கம்பிகளையும் மீண்டும் கோத்துக்கொள்ளலாம், செலவு குறையும். கோத்த சக்கரம் ஓட ஓடக் கம்பிகள் சற்று இளகும். ஆகையால் ஒரு வாரம் கழித்து அதே கடைக்காரரிடம் வண்டியைக் காட்டி மறுபடி முறுக்கச் சொல்ல வேண்டும்.