பாதி விலைக்குப் பழைய தேனீப் பெட்டி... வாங்கலாமா? எதில் சிக்கனம், எதில் ஆபத்து?

“தேனீப் பெட்டிகள் விற்பனைக்கு. ஸ்டாண்டு, புகைப்பான், அடையோடு சட்டங்கள். எல்லாம் சேர்த்துப் பாதி விலை.” தேனீ வளர்ப்பு பற்றி யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவர்களின் கண்ணில் அடுத்துப் படுவது பெரும்பாலும் இப்படி ஒரு விளம்பரம்தான். எல்லாமே புதுசு என்று கணக்குப் போட்டால், ஒரு சொட்டுத் தேன் எடுக்கும் முன்பே செலவு கையைக் கடிக்கும். அதனால் பழையதை வாங்குவதும், தெரிந்த தச்சரிடம் சொல்லிப் பெட்டி அடிப்பதும் இயல்பான யோசனை. அதில் தப்பே இல்லை. அந்த விளம்பரத்தில் உஷாராக வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘அடையோடு’.

பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

பழைய பெட்டி விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. காரணம் சாதாரணமானதாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் பெட்டியில் பரவலாக வளர்க்கப்படும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, கொஞ்சம் கோபக்காரி. உணவு குறைந்தால், எறும்புத் தொல்லை வந்தால், பெட்டியை அடிக்கடி திறந்து பார்த்தால்கூட மொத்தக் கூட்டமும் கிளம்பிப் போய்விடும். பயிற்சி இல்லாமல் தொடங்கியவர்கள் ஒரே வருடத்தில் கைவிட இதுவே போதும். அப்படிக் காலியான பெட்டி என்றால் பயமில்லை.

கூட்டம் நோயில் செத்திருந்தால்தான் சிக்கலே.

இதை அனுபவத்தில் தெரிந்துகொண்ட ஊர் மார்த்தாண்டம். 1920களில், இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மேம்பாட்டு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பை உபதொழிலாக விவசாயிகளிடம் கொண்டுபோனார். ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக தொழிலும் வளர்ந்தது. ரப்பரில் பூவைவிட இலைதான் தேனீக்கு முக்கியம். இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இப்படி வருவதுதான்.

1991-92ல் ‘தாய் சாக் புரூட்’ என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. 1976ல் தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். இந்த நோய் வந்த புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் கோத்த சின்னப் பைபோல அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. வைரஸுக்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. அதே மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

எனவே அரைகுறையாகச் சுத்தம் செய்த பழைய அடையைக் கொண்டுவந்து வைப்பவர், தன் ஒரு பெட்டியை மட்டும் பணயம் வைக்கவில்லை. பலவீனமான கூட்டத்தில் மற்ற கூட்டத்துத் தேனீக்கள் புகுந்து தேனைத் திருடுவது வழக்கம். கூடவே நோயும் போகும். பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது பெட்டி வைத்துப் பிழைப்பவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

மரம் ஓகே, மெழுகு வேண்டாம்

ரூல் ரொம்ப சிம்பிள். கட்டையை வாங்கலாம், அடையை வாங்கக் கூடாது. அடிப்பலகை, புழு அறை, தேன் அறை, மேல்மூடி, ஸ்டாண்டு இவை உளுத்துப்போகாமல் இருந்தால் போதும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெழுகையும் அழுக்கையும் உளியால் சுரண்டி எடுத்து, சலவை சோடா கலந்த கொதிநீரில் கழுவி, நல்ல வெயிலில் பல நாள் காயவிட வேண்டும். பெயின்டர்கள் வைத்திருக்கும் புளோ லேம்ப் கிடைத்தால் உள்சுவரை லேசாகப் பழுப்பேறும்வரை வாட்டுவது இன்னும் நல்லது. மூலை, இடுக்கு எதையும் விடக் கூடாது. மெழுகு அந்துப்பூச்சி முட்டை வைப்பது அங்கேதான்.

சட்டங்களில் அடை இருந்தால் வெட்டி எடுத்து உருக்கிவிடலாம். “கட்டின அடை இருந்தா தேனீக்கு வேலை மிச்சமாச்சே” என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், மெழுகு சுரக்கத் தேனீக்கு நிறையத் தேன் செலவாகும். ஆனால் யார் வீட்டு அடை என்று தெரியாதவரை அந்த மிச்சம் வேண்டாம்.

இத்தாலியத் தேனீப் பெட்டி என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அந்த இனத்தைத் தாக்கும் ‘அமெரிக்கன் ஃபவுல் புரூட்’ என்ற பாக்டீரியா நோயின் வித்துகள் பழைய அடையிலும் மரத்திலும் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியவை. மெழுகை உருக்கினாலும் சாகாது. இதே காரணத்தால், கடையில் வாங்கிய தேனைத் தேனீக்கு உணவாக வைக்கக் கூடாது. பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு போதும்.

8 மில்லிமீட்டர் விவகாரம்

வீட்டில் பெட்டி செய்பவர்கள் சறுக்குவது அளவில். அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851ல் கவனித்த ஒரு விஷயத்தின் மேல்தான் இன்றைய பெட்டிகள் எல்லாமே நிற்கின்றன. தேனீ நடமாடத் தேவையான இடைவெளியை மட்டும் விட்டால், அதைத் தேனீ பாதையாகவே வைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீக்கு அது சுமார் 8 மி.மீ. இடைவெளி அதிகமானால் அங்கேயும் அடை கட்டிவிடும். சட்டத்தைத் தூக்கினால் அடை பிய்ந்து தேனும் புழுவும் கொட்டும். குறைந்தால் தேனீயால் உள்ளே போய்ச் சுத்தம் செய்ய முடியாது. இத்தாலியத் தேனீயாவது அந்தச் சந்தை மரப்பிசின் வைத்து அடைத்துவிடும். நம்ம ஊர்த் தேனீ பிசின் சேகரிப்பதில்லை. அந்தச் சந்து அந்துப்பூச்சிக்கு வாடகையில்லா வீடு.

எந்தப் பெட்டி என்பதும் முக்கியம். கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த நியூட்டன் பாதிரியார், 1910களில் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய கூட்டத்துக்கும் ஏற்ற பெட்டியை வடிவமைத்தார். தென்னிந்தியாவில் இன்றும் பரவலாக இருப்பது நியூட்டன் பெட்டிதான். மலிவாகக் கிடைக்கிறது என்று இத்தாலியத் தேனீக்கான பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டியை வாங்கி அதில் அடுக்குத் தேனீயை விட்டால், கூட்டத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. காலியாகக் கிடக்கும் அடையில் பூச்சி ஏறும், கூட்டம் பறக்கும்.

தச்சருக்கு அளவை வாயால் சொல்வதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு நல்ல நியூட்டன் பெட்டியைப் புதிதாக வாங்கி, அதைக் கையில் கொடுத்து ‘இதே மாதிரி’ என்று சொல்வது. எல்லாப் பெட்டியின் சட்டமும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தணும். ஆளுக்கொரு தச்சரிடம் செய்தால், கூட்டம் பிரிக்கிற அன்று சட்டம் மாறாமல் நின்று தவிக்க நேரிடும். மரம் ஆயினி, பலா, தேக்கு எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கடும் வாசனை உள்ள மரம் ஆகாது. பெயின்ட் வெளிப்பக்கம் மட்டும்.

கருவிகளில் என்ன மிச்சம் பிடிக்கலாம்?

நிறையவே. தொப்பியைச் சுற்றிக் கொசுவலை தைத்தால் முகமூடி ரெடி. முகத்துக்கு நேரே கறுப்பு வலை என்றால் பார்வை மறைக்காது. தேங்காய் மட்டையைப் பற்றவைத்து அணைத்தால் வரும் புகையே போதும், ஓட்டை போட்ட தகர டப்பா இருந்தால் சௌகரியம். ஸ்டாண்டின் காலடியில் தண்ணீர் ஊற்றிய சிரட்டையோ கிண்ணமோ வைத்தால் எறும்பு ஏறாது. பானையின் உள்ளே மெழுகு தடவி மரத்தில் கட்டிவைத்து, பிரிந்து வரும் கூட்டத்தைப் பிடிப்பது பழைய கை வைத்தியம். பலிக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

சிக்கனம் நிற்க வேண்டிய இடம் தேன் தொடும் பாத்திரம். தேன் அமிலத்தன்மை உள்ளது. துத்தநாகம் பூசிய பழைய வாளியில் எடுத்துவைத்தால் உலோகம் தேனில் இறங்கும். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து கேன் பக்கமே போகக் கூடாது. எவர்சில்வர் அல்லது உணவுத் தர பிளாஸ்டிக் மட்டுமே சரி. தேன் பிழியும் எந்திரத்தைத் தொடக்கத்திலேயே வாங்கவும் தேவையில்லை. வருடத்தில் சில நாள் ஓடுகிற பொருள் அது. பக்கத்தில் தேனீ வளர்ப்பவரிடம் இரவல் வாங்கி, சுடுதண்ணீரில் கழுவிப் பயன்படுத்தலாம்.

தேனீயோடு பெட்டி வாங்கினால்?

விலை பேசும் முன் சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லணும். புது முட்டைகள் தெரிந்தால் ராணி இருக்கிறது. மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் ஒரே பரப்பாக இருப்பது நல்ல அறிகுறி. அங்கங்கே மூடி திறந்து, உள்ளே தலை தூக்கியபடி செத்த புழு தெரிந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். சட்டத்தைத் தூக்கிக் காட்டத் தயங்குபவரிடமும் வாங்க வேண்டியதில்லை.

ரப்பர் பகுதியில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை தேன் காலம். மே தொடங்கி செப்டம்பர் வரை பஞ்சம். கூட்டங்கள் பறந்துபோய்ப் பெட்டிகள் காலியாவது இந்த மாதங்களில்தான் அதிகம். காலிப் பெட்டியை அப்போது வாங்கிச் சுரண்டி, வாட்டி, காயவைக்க நேரம் இருக்கும். கூட்டம் பெருகத் தொடங்கும் அக்டோபரில் தேனீயை விட்டால், தளிர் வரும்போது தேன் அறை வைக்கிற அளவுக்குக் கூட்டம் வளர்ந்திருக்கும்.