கரண்ட் பில் யார் கைபேசிக்குப் போகிறது?

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகிறது. அங்கே சுரங்கம் தோண்டும்போது கிடைக்கும் களிமண் விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளுக்கு வருகிறது. அந்தப் பட்டறைகளில் வேலை செய்பவர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மின்சாரம் என்ன விலை? பெரும்பாலும் வீட்டு ஓனர் சொல்வதுதான் விலை.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவச 100 யூனிட் 2016-லேயே வந்துவிட்டது. 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு 225 ரூபாய் வந்தது. அதே 200 யூனிட்டுக்கு ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் 1,600. பில் தொகை எஸ்எம்எஸ்ஸாக வருவதோ ஓனர் கைபேசிக்கு.

இப்படி வாடகைக்கு இருப்பவர்களிடம் போய், 'மின்சாரத்தை மிச்சப்படுத்துங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சொல்வதா? அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டு வீடுதோறும் அறிக்கை அனுப்பியது. ஹன்ட் ஆல்காட் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி பயன்பாடு சராசரியாக 2% குறைந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால், மிக அதிகமாகச் செலவழித்த பத்தில் ஒரு பங்கு வீடுகளில் 6.3% குறைந்தது, மிகக் குறைவாகச் செலவழித்த பத்தில் ஒரு பங்கில் வெறும் 0.3%. ஒரு ஃபேன், இரண்டு லைட்டில் காலம் தள்ளுகிறவர் எதை அணைப்பார்? ஏசி ஓடும் வீடுகளுக்கு அனுப்புங்கள் அந்த உபதேசத்தை.

வாடகைதாரருக்கு முதலில் தேவை, தன் பெயரில் ஒரு கணக்கு. வாடகைதாரர்களுக்கென்றே ப்ரீபெய்டு மீட்டர் திட்டத்தை டெல்லி அரசு 2019-ல் கொண்டுவந்தது. இங்கே 2022-ல் மின் இணைப்போடு ஆதாரை இணைத்தபோது, குடியிருப்பவரின் ஆதாரையும் ஏற்றார்கள். ஆதாரை ஏற்ற கணினி, கூடவே ஒரு கைபேசி எண்ணை ஏற்காதா? ஓனர்கள் தயங்குவார்கள், வாடகைதாரர் உரிமை கொண்டாடிவிடுவாரோ என்ற பயம். மின் கணக்கில் எண் சேர்ப்பதால் வீட்டுரிமை வராது என்று மின்வாரியம் எழுத்தில் சொல்லலாம்.

ஒரு சிக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டி நாளுக்கு 15 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். சப்-மீட்டர் விலையில் அது 320 ரூபாய்; அந்த 2022 கட்டணத்தில் 90 ரூபாய்தான். விலை குறைந்தால் சிக்கன ஆசையும் குறையும். சிக்கனம் சொல்லும் செய்திக்கு வேலை வருவது அப்போதுதான். அதிலும் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பீடு வேண்டாம். 'இன்னும் 12 யூனிட்டில் 200 தாண்டும். பிறகு யூனிட்டுக்கு இரண்டு மடங்கு' என்று, ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு வரி வந்தால் போதும்.