பேத்தி கையிலும் தூண்டிலைக் கொடுங்கள்!

பேரன் என்றால், ஆறு வயதிலேயே கையைப் பிடித்துக் கடலுக்கு அழைத்துப் போகிற தாத்தாக்கள், பேத்தி என்றால் மட்டும், 'நீ வீட்ல இருந்து, அம்மாச்சிக்கு மீன் கழுவிக் குடு தாயி...' என்று சொல்லி விடுகின்றனரே... இது என்ன நியாயம்?

ராமநாதபுரம் மாவட்டம், மண்டபத்தில் வசிப்பவள் நான். எங்கள் வீட்டு ஆண்கள், தலைமுறை தலைமுறையாக கடல் தொழில் செய்பவர்கள். மகளை, சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் பெண்ணுக்கு, 9 வயது. மே மாத விடுமுறைக்கு வந்தவளை, தினமும் விடியற்காலையில், கரையோரம் மீன் பிடிக்க அழைத்துப் போனேன். அதற்குத் தான் எத்தனை பேச்சு!

'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு ஆச்சி தூண்டிலு?' என்று சிரித்தனர், தெருவில். 'வெயில்ல கருத்துப் போயிடுவாளே சம்பந்தி...' என்று, சென்னையில் இருந்து போனிலேயே புலம்பினார், சம்பந்தி அம்மா. மீன்காரன் பேத்தி, கடலுக்குப் போனால் கருக்கத்தான் செய்வாள். நாலு நாள் நிழலில் இருந்தால், தன்னால் சரியாகி விடும். அதை விடுங்கள்.

என் மகள் சொன்னது தான், யோசிக்க வைத்தது. 'தண்ணியில இறக்காதம்மா... எனக்கு பயமா இருக்கு...' என்று, அழாத குறை. 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் விழுங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள். 2004ல், சுனாமியை, 'டிவி'யில் பார்த்து நடுங்கியவள். அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கடலைப் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளை தான், 'பீச்'சுக்குப் போனதும், அலையைப் பார்த்த சந்தோஷத்தில், இடுப்பளவு தண்ணீருக்கு ஓடும். எப்போது இறங்கக் கூடாது என்பதை, யாராவது கூட்டிப் போய்க் காட்டினால் தானே தெரியும்?

எங்கள் ஊருக்கு, வடக்கே ஒரு கடல்; தெற்கே ஒரு கடல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். மே மாதம் தெற்குக் காற்று கிளம்பினால், தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்தால், அப்படியே தலைகீழ். முதல் நாள் இதைத் தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள், வாசலில் நின்று, முகத்தில் படுகிற காற்றைப் பார்த்து, 'அம்மாச்சி... இன்னைக்கும் வடகடல் தானே?' என்று கேட்டாள். எனக்கு மெய் சிலிர்த்துப் போனது.

மீன் பிடிக்க, பெரிய செலவில்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூசி, சின்ன முள், ஒரு ஈயக்குண்டு. இரைக்கு, நாலு இறாலை நறுக்கிக் கொண்டால் போதும். மணல் தரையில் கிழங்கான் மேயும். தங்கூசியை, ஆள்காட்டி விரலில் லேசாகத் தொட்டபடி நிற்க வேண்டும். மீன் கொத்தினால், 'டொக், டொக்' என்று விரலில் தட்டும். அவசரப்பட்டு இழுத்தால், இரை தான் போகும். ஒரு இடத்தில், ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை, ஒன்றரை மணி நேரம், வாயைத் திறக்காமல் நின்றாள் என்றால், நம்புவீர்களா? அன்று கிடைத்தது, மூன்றே மூன்று கிழங்கான். அதை, அவளே மஞ்சள், மிளகாய்த்தூள் தடவி, தாத்தாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று, பங்கு வைத்துக் கொடுத்தாள்.

பாட்டிமார், சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். தண்ணீரில், காலைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்தே நடக்க வேண்டும். அப்போது, மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை, விலகி ஓடி விடும். கெளுத்தி, ஓரா இரண்டையும், பிள்ளைகள் கையால் தொடக் கூடாது. முள் குத்தினால், விஷம். குத்தி விட்டால், பொறுக்கும் சூட்டில், வெந்நீரில் காலையோ, கையையோ வைத்து விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றை உப்பிக் காட்டும் பேத்தை மீனை, கறி வைக்கவே கூடாது. சினை நண்டும், விரல் நீள மீன் குஞ்சும் சிக்கினால், திரும்ப விட்டு விட வேண்டும். அறுந்த தங்கூசியைக் கரையில் போட்டு வரவும் கூடாது. பறவைகளின் காலைச் சுற்றிக் கொள்ளும்.

ஏப்ரல் 15 முதல், ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும், அந்த நேரத்தில் தான் வருகிறது. தொழிலுக்குப் போகாமல், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களுக்கு, இதை விட நல்ல சந்தர்ப்பம் ஏது?

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் பக்கம், கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது யார்? விரல்களில் துணி சுற்றிக் கொண்டு இறங்கும், பெண்கள் தான். மீனைக் கூடையில் சுமந்து விற்பதும் பெண்கள். அப்போதெல்லாம் கருக்காத பெண், தூண்டில் பிடித்தால் மட்டும் கருத்து விடுவாளா?

வள்ளத்தில் ஏற்றிப் போக, என் கணவர் ஆசைப்பட்டார். நான் தான் விடவில்லை. முட்டளவு தண்ணீர், கை எட்டும் தூரத்தில் நான்... இந்த வருடத்துக்கு அது போதும். 'நீச்சல் படிச்சுட்டு வா தாயி... அடுத்த லீவுக்கு, தாத்தாவோட வள்ளத்துல போகலாம்...' என்று சொல்லி அனுப்பினேன். இப்போது, நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப் போவது என்று, மகளுக்கும், மருமகனுக்கும் தினமும் சண்டையாம்!

- ஒரு வாசகி, மண்டபம்.