மீனவர் மீள்கிறார், படகு மீள்வதில்லை!

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, ஹோர்முஸ் நீரிணை அருகே 'எம்.எஸ்.சி. ஏரிஸ்' என்ற சரக்குப் பெட்டகக் கப்பலை ஈரானின் புரட்சிகரக் காவல் படை கைப்பற்றியது. போர்ச்சுகல் நாட்டுக் கொடியுடன் மும்பையை அடுத்த நவசேவா துறைமுகத்தை நோக்கி வந்த அக்கப்பலில் இருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். மறுநாளே வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் ஈரான் வெளியுறவு அமைச்சருடன் தொலைபேசியில் பேசினார். ஐந்து நாள்களில் கேரளத்தைச் சேர்ந்த பயிற்சி மாலுமி ஒருவர் நாடு திரும்பினார். மே 9 அன்று மேலும் ஐந்து இந்தியர்கள் விடுவிக்கப்பட்டனர்.

அதே 2024-ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்ட இந்திய மீனவர்களின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். அவர்களுள்ளும் ராமேசுவரம், மண்டபம், பாம்பன் பகுதியினர் கணிசமானோர். 'அயல்நாட்டுக் கப்பலில் வேலை பார்த்தவர்களுக்காக மறுநாளே பேசிய அரசு, சொந்தக் கடற்கரையின் மீனவர்களுக்காக ஏன் அதே வேகத்தில் பேசுவதில்லை' என்ற கேள்வி ராமநாதபுரம் மாவட்டத்தில் அன்றாடம் ஒலிப்பதுதான். அதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் கேள்வி பிரச்னையின் பாதியை மட்டுமே தொடுகிறது.

மீனவர்களை மீட்பதில் அரசு முற்றிலும் வாளாவிருப்பதாகக் கூற முடியாது. கைது நடந்ததும் தமிழக முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுகிறார். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறையில் மீனவர்களைச் சந்திக்கின்றனர். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டு, கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து ஊர் திரும்புகின்றனர். 2024 ஆகஸ்ட் 1 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலம் மோதியதில் ராமேசுவரம் மீனவர் ஒருவர் உயிரிழந்தபோது, தில்லியில் உள்ள இலங்கைத் தூதரகப் பொறுப்பு அதிகாரியை அழைத்து வெளியுறவு அமைச்சகம் கண்டனம் தெரிவித்தது.

திரும்பி வராதது படகு. ஈரான் நிகழ்விலும் மாலுமிகள் விடுவிக்கப்பட்டபோது கப்பல் விடுவிக்கப்படவில்லை. அவ்வகையில் ஹோர்முஸுக்கும் பாக் நீரிணைக்கும் வேறுபாடு இல்லை. அந்த இழப்பை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

வணிகக் கப்பல் ஒன்று கைப்பற்றப்பட்டால் அந்த இழப்பைப் பல தோள்கள் பகிர்ந்துகொள்ளும் வகையில் ஓர் ஏற்பாடு நூற்றாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாடு சட்டப்படி குரல் கொடுக்கும். வழக்கமான காப்பீட்டுடன் போர் இடர் காப்பீடு என்று தனியே ஒன்று உண்டு. அயல்நாட்டு அரசு கப்பலைப் பறிமுதல் செய்வதும் தடுத்து வைப்பதும் அதில் அடங்கும். பரவலாக வழக்கில் உள்ள அதன் நிபந்தனைப்படி, பன்னிரண்டு மாதங்கள் கப்பல் உரிமையாளரின் கைக்குத் திரும்பாவிட்டால் அதை முழு இழப்பாகக் கருதிக் காப்பீட்டுத் தொகையைக் கோரலாம். இந்தியா 2015-இல் ஏற்ற சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மாலுமிகளின் ஊதியத்துக்கும் நாடு திரும்பும் செலவுக்கும் ஒரு பாதுகாப்பைத் தருகிறது.

இந்த ஏற்பாடும் எப்போதும் விரைந்து பயன் தருவதில்லை. 2022 ஆகஸ்டில் எக்குவடோரியல் கினியில் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் நைஜீரியாவிடம் ஒப்படைக்கப்பட்ட 'ஹீரோயிக் இடுன்' எண்ணெய்க் கப்பலின் 16 இந்திய மாலுமிகள் விடுபட 2023 மே வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும், அந்த நிகழ்வால் எந்தக் கப்பல் உரிமையாளரின் குடும்பமும் வட்டிக் கடைக்குப் போகவில்லை.

ராமேசுவரத்து விசைப்படகுக்கு இத்தகைய அடுக்குகள் எவையும் இல்லை. படகு என்பது அதன் உரிமையாளரின் மொத்த முதலீடு. அதில் அவரது சேமிப்பும், வீட்டு நகையும், மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் கலந்திருக்கின்றன. முன்பணம் வாங்கியவர் பிடிபடும் மீனையும் இறாலையும் அந்த வியாபாரிக்கே கொடுத்துக் கடனைக் கழிக்க வேண்டும். படகு பறிபோன பிறகு மீன் வராது. கடன் மட்டும் நிற்கும். படகில் பங்கு முறையில் வேலை செய்தவர்களுக்கும் அன்றோடு வருமானம் நின்றுவிடுகிறது.

படகைத் திரும்பப் பெறும் வழியும் எளிதன்று. ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ மன்னாரிலோ உள்ள நீதிமன்றத்தில் உரிமையாளர் ஆவணங்களுடன் நேரில் முன்னிலையாக வேண்டும். கடவுச்சீட்டு, பயணம், வழக்குரைஞர் என்று செலவு கூடுகிறது. தவணை தவறினால் படகு அரசுடைமை ஆகிறது. வழக்கில் வென்றாலும், மாதக்கணக்கில் கரையோரம் கிடந்து பலகை இற்று இயந்திரம் துருப்பிடித்த கலத்தைப் பழுது பார்க்கவும் இழுத்து வரவும் ஆகும் செலவு பல நேரங்களில் அதன் மதிப்பையே விழுங்கிவிடும்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்த 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தமும், ஒரு நாட்டின் கடலில் மற்ற நாட்டு மீனவர்கள் மீன்பிடிக்கக் கூடாது என்ற 1976-ஆம் ஆண்டு ஏற்பாடும் எல்லையைத் தீர்மானித்தன. உள்நாட்டுப் போர் முடிந்த 2009-க்குப் பின் வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்கள் மீண்டும் கடலுக்கு வந்தனர்; மோதல் கூர்மையடைந்தது. மீனவர்களை விடுவித்து, படகுகளை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அதற்கடுத்த ஆண்டுகளில் இலங்கையின் நிலையான கொள்கையாயிற்று. 2017-இல் இழுவைமடி மீன்பிடிப்பை அந்நாட்டு நாடாளுமன்றம் தடை செய்தது. 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் உள்ளிட்ட இடங்களில் 105 இந்தியப் படகுகள் ஏலத்துக்கு வந்தன.

இலங்கையின் கணக்கு தெளிவானது. மீனவர்களைச் சிறையில் வைத்தால் இந்தியாவில் கொந்தளிப்பு எழும். படகை வைத்துக்கொண்டால் கொந்தளிப்பு குறைவு, தண்டனையோ கடுமை. முதலீட்டை இழப்போம் என்ற அச்சம் படகுகளைத் தடுத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அதற்குப் பொருளாதாரக் காரணங்கள் உள்ளன. ராமேசுவரத்திலிருந்து கச்சத்தீவு குறுகிய தொலைவே. கரையோரக் கடல் 1983-ஆம் ஆண்டுத் தமிழகக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நாட்டுப்படகுகளுக்கு உரியது. அதற்கும் சர்வதேச எல்லைக்கும் இடைப்பட்ட குறுகிய பரப்பில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள் ஒரே நேரத்தில் வலை இழுக்கின்றன. டீசல் செலவை ஈடுகட்டும் அளவுக்கு அங்கே மீன் இல்லை. கடனில் இருப்பவர் எல்லை தாண்டுவதில் உள்ள இடரையும் வெறுங்கையுடன் திரும்புவதன் இழப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பறிமுதல் அவரது கடனைக் கூட்டுகிறது. மாற்றுத் தொழிலுக்குப் போகும் வலிமையைக் குறைக்கிறது. வேலையிழந்த தொழிலாளர் அடுத்த படகில் ஏறி அதே கடலுக்குப் போகிறார்.

மறுகரையின் நியாயத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சிறு படகுகளில் வலை விரித்துத் தொழில் செய்பவர்கள். நம் மொழி பேசுபவர்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்கள். இழுவைமடி கடலின் அடித்தளத்தை வாரி எடுப்பதுடன் அவர்களது வலைகளையும் அறுத்துச் செல்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்யவும் எவருமில்லை. ஆகவே, 'படகைத் திருப்பிக் கொடு' என்று மட்டும் கோருவது அறமாகாது. அதே படகு அதே மடியுடன் அதே கடலுக்குத் திரும்புமானால், மறுகரையில் இன்னொரு குடும்பம்தான் நட்டமடையும்.

நம் அரசுகள் என்ன செய்தன? 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் பிரதமர் முன்னிலையில் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது இலக்கு. ஒரு படகின் விலை ரூ. 80 லட்சம், மத்திய அரசு பாதியையும் மாநில அரசு 20 விழுக்காட்டையும் ஏற்க, மீதியில் 10 விழுக்காடு மீனவர் பங்கு, 20 விழுக்காடு வங்கிக் கடன். ஆனால் ரூ. 8 லட்சம் கையிலும் ரூ. 16 லட்சம் கடனாகவும் திரட்டக்கூடியவர் ஏற்கெனவே கடனில் மூழ்கியிராதவர்தான். ஒருநாள் தொழிலுக்குப் பழகியவர்களுக்குப் பல நாள் ஆழ்கடல் பயணத்துக்கான பயிற்சியும் வேண்டும். அதற்கேற்ற துறைமுகமும் குளிர்பதன வசதியும் வேண்டும். இலக்கின் சிறு பகுதியே நிறைவேறியது.

படகை இழந்தவர்களுக்குத் தமிழக அரசு விசைப்படகு ஒன்றுக்கு ரூ. 5 லட்சம் நிவாரணம் அறிவித்து, பின்னர் அதை உயர்த்தியது. இது வரவேற்கத்தக்கது. எனினும், நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிவாரணம் அறிவிப்புக்காகக் காத்திருப்பது. தொகையும் காலமும் அரசின் விருப்பத்தைப் பொறுத்தவை. காப்பீடு முன்கூட்டியே எழுதப்பட்ட உரிமை. அதை நம்பி வங்கி கடன் கொடுக்கும்.

இந்தியா அளவில் பேச்சுவார்த்தைக்கான கருவியும் உள்ளது. 2016 நவம்பரில் இரு நாட்டு வெளியுறவு, மீன்வள அமைச்சர்கள் தில்லியில் கூடி, மீன்வளக் கூட்டுப் பணிக்குழுவை அமைத்தனர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும் என்பது முடிவு. அதன்படி 2024 அக்டோபருக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். அந்த அக்டோபர் 29-இல் கொழும்பில் நடந்தது ஆறாவது கூட்டம். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் பிரதமர் மோடி மீனவர்களை விடுவிப்பதுடன் படகுகளையும் திருப்பியளிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பிரதமர் நிலையில் படகு பற்றிய பேச்சு எழுந்திருப்பதை அதிகாரிகள் நிலையில் தொடர வேண்டும்.

தொடர்வதற்குச் சட்ட முன்னுதாரணம் உண்டு. 1997-இல் ஆப்பிரிக்காவின் கினி அரசு பிடித்து வைத்த 'சைகா' என்ற எண்ணெய்க் கப்பலை, நான்கு லட்சம் டாலர் பிணைத்தொகை பெற்றுக்கொண்டு உடனே விடுவிக்குமாறு சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் தனது முதல் வழக்கிலேயே உத்தரவிட்டது. தனிப் பொருளாதார மண்டலத்தில் பிடிபடும் மீன்பிடிக் கலங்களையும் பிணையின் பேரில் விரைந்து விடுவிக்க வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கூறுகிறது. பாக் நீரிணையில் தன் பக்கக் கடலை இலங்கை வரலாற்று நீர்ப்பரப்பாக உரிமை கோருவதால் அந்த விதி அங்கே தானாகப் பொருந்தாது. ஆனால், அந்தக் கோட்பாட்டை இருதரப்பு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளத் தடை எதுவுமில்லை.

படகின் மதிப்பைக் கேட்டுப் பெற இந்தியாவுக்குத் தெரியும் என்பதற்கும் சான்று உண்டு. 2012-இல் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலின் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரு மீனவர்கள் இறந்தனர். அவ்வழக்கில் படகுக்கு நேர்ந்த சேதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று நடுவர் மன்றம் 2020-இல் கூறியது. இத்தாலி செலுத்திய ரூ. 10 கோடியில், 2021-இல் உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி ரூ. 2 கோடி படகு உரிமையாளருக்கு ஒதுக்கப்பட்டது. அது இந்தியத் தரப்பு பாதிக்கப்பட்ட வழக்கு. எல்லை தாண்டிய வழக்கு வேறு என்பது உண்மையே. ஆனால், மீனவரின் இழப்பில் படகும் அடங்கும் என்ற கொள்கை இரண்டுக்கும் பொது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பிணைத்தொகை ஏற்பாடு. பிடிபட்ட படகை, இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தி, குறித்த நாள்களுக்குள் மீட்க வழி வேண்டும். அதே படகு மீண்டும் பிடிபட்டால் பிணைத்தொகை இலங்கைக்குச் சேர வேண்டும். அதில் ஒரு பங்கு வலையிழந்த வடக்கு மாகாண மீனவர்களுக்குச் செல்லும் என்று எழுதினால் மறுகரையின் நம்பிக்கையும் கிட்டும்.

இரண்டாவது, மத்திய, மாநில அரசுகளும் படகு உரிமையாளர்களும் பங்களிக்கும் இடர் நிதியம். வணிகக் கப்பலுக்கு உள்ள பன்னிரண்டு மாத விதியை இங்கும் பின்பற்றலாம்: ஓராண்டில் படகு திரும்பாவிட்டால் அதன் மதிப்பிடப்பட்ட தொகை உரிமையாளருக்கு உண்டு. ஆனால், அந்தத் தொகை மீண்டும் இழுவைப் படகு வாங்குவதற்குக் கொடுக்கப்படக் கூடாது. ஆழ்கடல் படகுக்கான அவரது பங்காகவோ, வேறு வலை முறைக்கோ, கரைத் தொழிலுக்கோ மட்டுமே தரப்பட வேண்டும். படகை இழந்த நாளே இழுவைமடியிலிருந்து ஒருவர் வெளியேறும் நாளாக அமையலாம்.

மூன்றாவது, கூட்டுப் பணிக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே கூட வேண்டும். இரு கரை மீனவர் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். பிடிபட்ட படகுகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் நிலையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் வெளியிடப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆழ்கடல் படகு ஒன்றுக்கு இரு அரசுகளும் சேர்ந்து ரூ. 56 லட்சம் தர முன்வந்தவைதான்; செலவாகாத அந்த மானியத்தைச் சரியான வாசலுக்குத் திருப்பினால் போதும். மீனவர்கள் விமான நிலையத்தில் வந்திறங்குவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்பதற்கும் விடை சொல்லும்போதுதான் அது முழுமையான மீட்பாகும்.