யானை பார்க்கப் போகாத மாணவர்



பரிமாற்ற மாணவராக ஒரு பருவம் அயல்நாட்டில் பயிலும் வாய்ப்பு இன்று நம் பிள்ளைகளையும் நாடி வருகிறது. 1987-ல் ஐரோப்பாவில் தொடங்கப்பெற்ற 'எராஸ்மஸ்' திட்டம் இவ்வகையில் புகழ்பெற்றது. முதலில் ஐரோப்பிய மாணவருக்கே உரியதாயிருந்த இத்திட்டத்தின் வழியே, இப்போது இந்தியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களும் மாணவரை அனுப்ப முடிகிறது.

பிள்ளை போய்ச் சேர்ந்த மறுவாரமே கைப்பேசியில் படங்கள் வந்து குவிகின்றன. இன்று ஒரு கோட்டை, நாளை ஒரு கடற்கரை, மறுநாள் வேறொரு நாடு. 'நம் பிள்ளை படிக்கப் போனதா, ஊர் சுற்றப் போனதா?' என்று பெற்றோர் கலங்குகின்றனர். பாலைவெயிலில் உழைக்கும் தந்தையின் வியர்வையும், தாய் கழற்றிக் கொடுத்த வளையலும் அந்தப் பயணத்தில் அடங்கியிருக்கும்போது கலக்கம் வருவது இயல்பே. ஆயினும் ஊர் பார்ப்பதே குற்றம் என்று முடிவு கட்டிவிடலாகாது.

ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்தலுஸ் என்னும் ஸ்பெயின் நாட்டிலிருந்து யஹ்யா பின் யஹ்யா அல்லைஸீ (ரஹ்) என்ற இளைஞர் மதீனா வந்து, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டுவந்தார். ஒருநாள் பாடம் நடக்கும் வேளையில், யானை வந்திருக்கிறது என்ற செய்தி பரவியது. மாணவர் அனைவரும் எழுந்து அதனைக் காண ஓடினர். யஹ்யா மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவருடைய நாட்டில் யானை கிடையாதே, அவர் ஏன் போகவில்லை என இமாமவர்கள் வினவினார்கள். தாம் அத்தனை தொலைவு கடந்து வந்தது இமாமைக் கண்டு அறிவு பெறுவதற்கேயன்றி யானையைக் காண்பதற்கன்று என அவர் விடை பகர்ந்தார். உள்ளம் மகிழ்ந்த இமாமவர்கள் அவரை 'அந்தலுஸின் அறிவாளி' என்று பாராட்டினார்கள். அவர் வழியாக வந்த 'முவத்தா'வே இன்று உலகில் பெரிதும் ஓதப்பட்டு வருகிறது.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். யானை பார்ப்பது பாவம் என்று யஹ்யா சொல்லவில்லை; இமாமவர்களும் சொல்லவில்லை. யானை வந்தது பாட நேரத்தில். பாட நேரம் பாடத்திற்கே உரியது என்பதுதான் அந்த மாணவர் கண்ட தெளிவு. மற்றபடி, பூமியில் பயணம் செய்து முன் வாழ்ந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறையே பன்முறை பணிக்கிறது அல்லவா?

அதே அந்தலுஸின் கிரனாடா நகரம், எராஸ்மஸ் மாணவர் பெருந்தொகையினராய் வந்து பயிலும் ஊர்களுள் ஒன்று. சுல்தான் முதலாம் யூசுஃப் 1349-ல் நிறுவிய மதரஸாவின் கட்டடம், 1531-ல் தோன்றிய கிரனாடா பல்கலைக்கழகத்தின் வசம் இன்று உள்ளது. அதன் பழைய தொழுகைக் கூடத்தை இன்றும் காணலாம். அதற்கு எதிரிலேயே, 1492-ல் அந்நகரைக் கைப்பற்றிய ஃபெர்டினாண்ட், இசபெல்லா இருவரின் கல்லறைகள் அமைந்த தேவாலயம். குன்றின்மேல் அல்ஹம்ரா மாளிகை. அதன் சுவரெங்கும், அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்னும் பொருளுடைய வாசகம். எதிர்க்குன்றில், ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப்பின் 2003-ல் திறக்கப்பட்ட பள்ளிவாசல்.

வரலாற்றைப் படித்துவிட்டு நடப்பவனுக்கு இந்தச் சிறு தொலைவே ஒரு முழுப் பாடம். படிக்காமல் நடப்பவனுக்கு அது படம் எடுத்துக்கொள்ள வாய்த்த ஒரு சுவர். கல்வியும் காட்சியும் பகையல்ல; கல்வி முந்தினால் காட்சியும் கல்வியாகிவிடுகிறது.

இனி, நேரக் கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்கு ஒரு பருவத்தில் 30 பாட அலகுகள். ஓர் அலகு என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக மொத்தம் 750 முதல் 900 மணி. இருபது வாரங்களுக்குப் பங்கிட்டால், வாரத்திற்கு ஏறத்தாழ 38 முதல் 45 மணி. இதில் வகுப்பறையில் கழிவது ஒரு பகுதியே. எஞ்சியதை நூலகத்தில் அமர்ந்து தானே படித்தாக வேண்டும். காலை முதல் மாலை வரை வகுப்பிலேயே இருந்து பழகிய நம் பிள்ளை, அங்கே வகுப்பு நண்பகலில் முடிந்ததும் மிச்சப் பொழுதெல்லாம் விடுமுறை என்று எண்ணிவிடுகிறது. சறுக்கல் இங்கேதான் நேர்கிறது.

வாரத்தின் 168 மணியில் உறக்கத்திற்கு 56, படிப்புக்கு 45 போனாலும் 67 மணி மிஞ்சுகிறது. தொழுகை, சமையல், துணி துவைத்தல் அனைத்தும் போக, வாரம் ஒருநாள் ஊர் பார்க்கத் தாராளமாய் இடமுண்டு. ஆனால், மலிவான விமானச் சீட்டு கிடைத்ததென்று வெள்ளி காலை கிளம்பித் திங்கள் இரவு திரும்பும் பயணத்தில் வகுப்பும் போகிறது, ஜும்ஆவும் போகிறது. தேர்வில் தவறிய பாடத்திற்கு அலகு கிடையாது. உதவித்தொகையோ பொதுமக்களின் வரிப்பணம். அது அமானிதம், அதற்கும் கேள்வி உண்டு.

மார்க்கச் சட்டம் ஓர் அழகிய பாகுபாட்டைக் கற்றுத் தருகிறது. ஓர் ஊரில் ஷாபிஈ மத்ஹபின்படி 4 நாட்களும், ஹனபி மத்ஹபின்படி 15 நாட்களும் தங்க நிய்யத் வைத்தவர், அங்கே முகீம் ஆகிவிடுகிறார். முஸாபிருக்குரிய கஸ்ருச் சலுகை அவருக்கு இல்லை. முழுமையாகத் தொழ வேண்டும். ஒரு பருவம் தங்கச் சென்ற மாணவர் தம் கல்லூரி நகரில் முகீமே. அங்கிருந்து நெடுந்தொலைவுப் பயணம் போகும் நாட்களில்தான் அவர் முஸாபிர். தொழுகையில் காட்டும் இந்தத் தெளிவைப் படிப்பிலும் காட்டினால் போதும். முகீமுக்குரிய கடமையை முழுமையாக நிறைவேற்றிய பிறகே முஸாபிரின் சலுகை.

பெற்றோர்களே! மகனோ மகளோ தொலைபேசியில் அழைக்கும்போது, 'இந்த வாரம் எங்கே போனாய்?' என்று கேட்குமுன், 'இந்த வாரம் என்ன படித்தாய்?' என்று கேளுங்கள். பிறகு, கண்ட இடத்தைப் பற்றியும் ஆர்வத்தோடு கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளை கற்றிருக்கிறது. படம் மட்டுமே காட்டத் தெரிந்தால், அடுத்த பயணத்திற்கு முன் ஒரு நூலைப் படிக்கச் சொல்லுங்கள்.

தொலைதூரம் சென்ற நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் படிப்பினை பெறும் பார்வையையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.