ஓட்டைக்கும் ஒரு விலை!

குடத்தில் ஓட்டை இருந்தால் வாங்க மறுக்கிறோம். குடையில் ஓட்டை இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். ஆனால் காரின் பிரேக்கில் ஓட்டை இருந்தால் மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம். போதாக்குறைக்கு அதை நாலு பேருக்குக் காட்டியும் மகிழ்கிறோம். (கிழிந்த கால்சட்டையைக் கூடுதல் விலைக்கு வாங்கும் விடுதி நண்பர்கள் என்னை மன்னிப்பார்களாக!)

நம் சங்கத்தின் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம்; பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் கரும்பு வாங்கித் தருபவர் என்றால் பலருக்கும் தெரிந்துவிடும். குருகிராமில் நல்ல வேலை. இரண்டே பேர் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதமே, கார்க் கம்பெனி பொருத்திய பிரேக் டிஸ்க்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய புது டிஸ்க்குகளை மாட்டினார். அவற்றில் முகம் முழுதும் வரிசை வரிசையாக ஓட்டைகள். சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் அவை மின்னியதை நானும் இரசித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

“தம்பி, தூக்கிப் பார். ஒவ்வொன்றும் பழையதைவிட அரைக் கிலோ குறைவு” என்றார்.

“அண்ணே, அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது” என்றேன். சிரித்துவிட்டார்.

நான் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பிரேக் என்பது என்ன செய்கிறது? வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது. வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை. ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்றால் ஏறத்தாழ 5 இலட்சம் ஜூல் ஆற்றல் சூடாக வேண்டும். அதில் பத்தில் ஏழு பங்கு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறரைக் கிலோ இரும்புத் தட்டு ஒன்று அந்த ஒரே நிறுத்தத்தில் 60 டிகிரி அளவுக்குச் சூடேறும். வேகம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 200-இலிருந்து நிறுத்தினால் 240 டிகிரி. காற்று வந்து குளிர்விப்பதெல்லாம் பிறகு. அந்தச் சில விநாடிகளில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது இரும்பின் எடைதான். எடையைக் குறைத்துவிட்டுப் பிரேக்கை உயர்த்திவிட்டேன் என்பது, பானையைச் சிறிதாக்கிவிட்டு உலையைப் பெரிதாக்கினேன் என்பது போல.

சென்ற குளிர்காலத்தில் அவரும் நானும் முசோரி சென்றோம். ஏறும்போது எல்லாம் இன்பம். இறங்கும்போது அவர் கியரைக் குறைக்காமல், வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்து வந்தார். புதுப் பிரேக் அல்லவா! முசோரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர், டேராடூன் 640. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 கிலோவை 1,350 மீட்டர் கீழே இறக்கினால் வெளிப்படும் ஆற்றல் ஒரு கோடியே 72 இலட்சம் ஜூல். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 34 முறை நிறுத்துவதற்குச் சமம்! எஞ்சினும் காற்றும் அதில் பங்கு கொள்ளும்; ஆனால் எஞ்சினின் உதவியை வேண்டாம் என்றவர் நம் நண்பர்.

பாதி வழியில் தீய்ந்த நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் மிதி மெத்தென்றிருந்தது. அதற்கடுத்த வளைவில் தரை வரை போய்விட்டது. அவர் முகம் வெளுத்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. இடப்புறம் மலை, வலப்புறம் பள்ளம், எதிரே சுற்றுலாப் பேருந்து. “அண்ணே, செகண்ட்! செகண்ட்!” என்று கத்தினேன். இரண்டாம் கியரில் தள்ளி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினார். பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு கடந்தது. அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குற்றவாளி ஓட்டைத் தட்டு என்று சொல்லிவிட்டால் என் கட்டுரைக்கு வசதிதான். ஆனால் உண்மை அதுவன்று. கொதித்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. டாட் 4 எனப்படும் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும், ஆவி அமுங்கும், மிதி தரையைத் தொடும். நண்பர் வண்டியில் ஆயில் மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று அவருக்கே தெரியாது. ஒளிரும் தட்டுக்குப் பல்லாயிரம் கொடுத்தவர், சில நூறு ரூபாய் ஆயிலை மறந்தார். தட்டு இலேசாக இருந்தது சூட்டைச் சற்று விரைவுபடுத்தியிருக்கும், அவ்வளவே.

“பந்தயக் கார்களில் ஓட்டை இல்லையா?” என்று கேட்பார்கள். இருந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போர்ஷே 917 பந்தயக் காரில் இருந்தது. சூடேறினால் அக்காலத்துப் பிரேக் பட்டைகள் ஆவி விடும்; அது வெளியேற வழி வேண்டும் என்பதும், எடை குறைய வேண்டும் என்பதும் ஓட்டைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இன்றைய பட்டைகளுக்கு முதற்காரணம் பெரிதும் பொருந்தாது. போர்ஷே இன்றும் ஓட்டையோடு தருகிறதே என்பீர்கள். தருகிறது, ஆனால் ஓட்டை போனபின் மிஞ்சும் இரும்பு போதுமா என்று கணக்கிட்டுத் தட்டைப் பெரிதாகவே வடிக்கிறது. கடைவீதியில் வழக்கமான தட்டை எடுத்துத் துளை போட்டு விற்பதும் அதுவும் ஒன்றா? துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. சூடும் குளிரும் மாறி மாறி வர, ஒரு துளையின் விரிசல் அடுத்த துளையைத் தேடிப் போகும்.

இன்னொன்று. 1953-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றது, டன்லப் டிஸ்க் பிரேக்குகளின் துணையோடு. மணிக்கு 100 மைல் சராசரியை அப்பந்தயத்தில் முதன்முதல் தாண்டிய வெற்றி அது. தட்டுகளோ வெறும் வழவழத் தட்டுகள்!

நான் வெளிச்சந்தைத் தட்டே ஆகாது என்று வாதிடவில்லை. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டுக்குப் போகிறவர் சொல்வதில் பொருள் உண்டு. 5.125 கிலோமீட்டர்ச் சுற்று. நம் கோவை நாராயண் கார்த்திகேயன் 2011-இல் பார்முலா ஒன்று ஓட்டிய களம். ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் நேர்ப்பாதையின் முடிவில் சுற்றுக்குச் சுற்று பெரும் வேகத்தை அடக்கவேண்டும். அங்கே கனமான இரும்பும், உள்ளே காற்றை நன்கு இழுக்கும் வளைந்த இடைச்சுவர்களும், பட்டையைச் சுரண்டிப் புதுமுகம் காட்டும் கோடுகளும் உள்ள தட்டு வேண்டும்தான்.

நம் சாலைக்கு? பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால், டயர் பிடிக்கும் அளவுக்கு மேலேயே உங்கள் பிரேக்கில் வலு இருக்கிறது. உலர்ந்த சாலையில் நல்ல டயர் 100 கிலோமீட்டர் வேகத்தை நிறுத்த 40 மீட்டர் அளவு கேட்கும். தட்டில் எத்தனை ஓட்டை போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிய தட்டு மாட்டினால், பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாமல் தூரம் கூடவும் கூடும். ஆகவே டயர், ஆயில், நல்ல பட்டை. இவற்றுக்கெல்லாம் செலவிட்டபின் காசு மிஞ்சினால் தட்டைப் பற்றி யோசிக்கலாம். அவற்றையெல்லாம் யாரும் தெருவில் நின்று பார்த்துப் பாராட்டமாட்டார்கள் என்பதுதான் குறை!

நண்பர் இப்போது வழவழத் தட்டுக்கே திரும்பிவிட்டார், ஆயிலும் புதிது. கழற்றிய நான்கும் அவர் கட்டிலுக்கு அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கின்றன. “விற்றுவிடலாமா, தம்பி?” என்று போன வாரம் கேட்டார். யாருக்கு விற்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.