நாளவழி உணவும் மலைநாட்டு நோயாளரும்

யூபிலி மலரொன்றில் நோயைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என ஐயுறுவாரும் உளர். ஆயினும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர். அவருட் சிலர் தோட்டப் பகுதிகளிற் கடமையாற்றுபவர். அவர்கள் செவியில் ஒரு சொல் இட விரும்புகின்றோம்.

குடல் அடைபட்டோ, கடுஞ் சிகிச்சையாற் புண்பட்டோ உண்ணவியலாத புற்றுநோயாளருக்குக் குளுக்கோசு, அமினோ அமிலம், கொழுப்பு ஆகியவற்றை இதயத்தை அடுத்த பெருநாளத்துள் மெல்லிய குழாய்வழிச் செலுத்துவர். 1960களின் பிற்பகுதியிற் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்றிக்கும் அவர்தம் கூட்டாளிகளும் நிலைநாட்டிய இம்முறை, பட்டினியால் மாளவிருந்தோர் பலரை வாழ்வித்தது. ஆனால் நோயாளிக்கு ஊட்டும் அவ்வுணவிலே கிருமியும் செழிக்கும். தோலிலும் குழாயின் இணைப்பிலும் தங்கும் ஸ்ரபிலோகொக்கசு, கன்டிடா என்னும் பூஞ்சணம் முதலியன குருதியுட் புகுகின்றன. வெண்குருதிக் கலங்கள் குன்றிய உடலில் அவற்றை எதிர்ப்பாரில்லை.

தடுக்கும் வழி அரியதன்று. கை கழுவுதல், குழாய் இடுகையில் நோயாளியை முழுதும் தூய துணியாற் போர்த்தல், குளோரெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவை தீர்ந்த குழாயை அகற்றல் என்னும் ஐந்தையும் மிச்சிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கைக்கொண்டன. ஆயிரம் குழாய்நாளுக்குச் சராசரி 7.7 ஆயிருந்த தொற்று, பதினெட்டு மாதத்துள் 1.4 ஆயிற்று என 2006இல் வெளியான ஆய்வு கூறும். இவ்வைந்தனுள் பெரும்பொருள் வேண்டுவது எது? சவர்க்காரமா?

நம் மலைநாட்டிலோ இடர் வேறொரு முகங்கொள்கின்றது. சேலைன் ஏற்றினாற்றான் தெம்பு வரும் என்பது லயன்களில் வேரூன்றிய நம்பிக்கை. "ஐயா, ஒரு சேலைனாவது ஏத்துங்க" என்று தகப்பனுக்காக மகன் இரப்பதை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். அன்புதான், ஆயினும் குடல் இயங்குமாயின் கஞ்சியும் முட்டையும் பாலுமே முறை. விழுங்க இயலாவிடின் மூக்குவழிக் குழாய் உண்டு. நாளவழி ஊட்டம் இறுதிப் படி. இரப்புக்கு இரங்கி முதற் படியாக்குதல் தகாது.

ஊட்டம் நின்ற பின்னும், மருந்தேற்றுதற்கென அதே குழாயுடன் வீடு திரும்புவோர் உளர். அவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் காணின், நுவரெலியாக் குளிரில் அந்நடுக்கம் வெறுங்குளிரென்றே கொள்ளப்படும். பனடோல் இரண்டை விழுங்கிக் கம்பளி போர்த்துப் படுத்துவிடுவர். வெண்கலங்கள் குன்றியவர்க்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தால், ஒரு மணித்தியாலத்துள் நுண்ணுயிர்கொல்லி ஏற்றப்படல் வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தனை, அவிசாவளை வழியே மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலையை அடைவதற்குள் அம்மணித்தியாலம் பலமுறை கழிந்துவிடும். ஆகவே நுவரெலியாவிலாயினும், 2017இல் இந்திய உதவியுடன் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையிலாயினும், குழாயிலிருந்தும் கையிலிருந்தும் குருதி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, மருந்தைத் தொடங்கிய பின்னரே நோயாளியை மேலிடத்துக்கு அனுப்புதல் நன்று.

வீடு செல்வோர் கையிற் கொடுக்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்குமாயின், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது எழுத்தன்று, கோலம். குழாயை நனையவிடாதே, கை கழுவாது தொடாதே, நடுக்கங் கண்டால் அவ்விரவே வைத்தியசாலைக்குப் போ எனத் தமிழில் மூன்று வரி போதும். அதற்கான அச்சுக்கூலியை இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் நாமே பிரேரிக்கவுள்ளோம்.